பத்துப் பாட்டு வேண்டாம், முழு அல்பமாகச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார இணைப்பில் கேட்கவேண்டிய மேல்நாட்டுப் பாடல்கள் என்று பத்தைப் போட்டிருந்தீர்கள். பிங்க் ஃபுளொய்ட் என்ற றொக் குழுவின் ‘மணி’ அதில் இருந்தது சந்தோசம். ஆனால் றொக்கையும் ஜாஸையும் முழு அல்பமாக (இசைத்தொகுப்பாக) அல்லாமல் பாட்டுப் பாட்டாகப் பிய்த்து எடுத்ததும், கனத்த கிற்றார் ஒலியுள்ள மெட்டலை வெறும் இரைச்சல் என்று ஒரே வரியில் ஒதுக்கியதும் சரியில்லை. இதெல்லாம் எங்கள் காதுக்கு ஒத்துவராது என்ற முடிவு அதைவிடப் பிழை.

அந்த ‘மணி’யையே எடுங்கள். 1973இல் வந்த ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ அல்ப இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் அதில்தான் தொடங்குகிறது. காசுப்பெட்டிச் சத்தமே ஏழு ஏழாக விழும். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபு போட்டுப் பழகியவர் தொடையில் தட்டிக்கொண்டே போகலாம். சாக்ஸபோன் அந்த ஏழிலேயே வாசிக்கும். கிற்றார் தனி வரும்போது நாலுக்கு மாறி, முடிந்ததும் திரும்ப ஏழுக்கு வந்துவிடும். கடைசியில் யார் யாரோ கதைக்கும் குரல்கள் கேட்கும்; அதற்குள்ளிருந்தே அடுத்த பாட்டின் ஓகன் எழும்பும். அந்த இடத்தில் வெட்டினால் என்ன மிஞ்சும்?

கோயில் திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரமும் தவிலும் முழங்கும் மேளச்சமா கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஐந்தும் ஏழும் ஒன்பதும் எங்களுக்குப் புதினம் இல்லை. 1959இல் டேவ் புரூபெக் குழு ‘டைம் அவுட்’ அல்பத்தை வெளியிட்டபோது, ஐந்து அடியில் ஜாஸா என்று அமெரிக்காவில் பலர் மூக்கில் விரல் வைத்தார்கள். இங்கே ஒரு தவில்காரப் பெடியனிடம் அதைப் போட்டுக்காட்டுங்கள், கண்ட சாபு என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவான்.

அதே ஆண்டில் வந்த மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒஃப் புளூ’ இன்னும் கிட்ட வரும். அதன் முதல் உருப்படியில் இருப்பவை கரகரப்பிரியா ராகத்தின் சுரங்கள்தான். நடுவில் எட்டு அளவுக்கு எல்லாமே அரைச்சுரம் மேலே ஏறி, பிறகு பழைய இடத்துக்கு இறங்கும். அவ்வளவுதான் சட்டகம், மற்றதெல்லாம் மனோதர்மம், வாசிப்பவரின் அந்நேரக் கற்பனை. ஜாஸ் படித்தவர்களின் சங்கதி என்று பயப்படுகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ (1965) அடுத்தது. அதன் கடைசிப் பகுதியில் தாளக்கட்டே இல்லை. தான் எழுதிய ஒரு தோத்திரத்தை, வாய் திறக்காமல், அசை அசையாகச் சாக்ஸபோனில் வாசிக்கிறார். நாதஸ்வரத்தில் திருப்புகழ் கேட்டவருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். ஆனால் முதல் மூன்று பகுதியையும் தாண்டி வந்தால்தான் அந்த அமைதி பிடிபடும்.

முழுப் பக்கமாகக் கேட்கும் பழக்கம் எங்களில் சிலருக்குப் போர்க்காலப் பொருளாதாரத் தடை தந்தது. பற்றரி வரவிடாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசற் கேட்டோம். பிடிக்காத பாட்டைத் தாண்டி ஓடவிடவும் சுற்றத்தான் வேண்டும், ஆகவே யாரும் தாண்டுவதில்லை. இப்போது ஃபோன் கடையில் மெமரி கார்ட்டில் ஏற்றித் தருகிறார்கள். பாட்டுகள் அகரவரிசையில் அடுக்குப்பட்டு, அல்பத்தின் கடைசிப் பாட்டு முதலில் வந்து நிற்கிறது.

மெட்டலுக்கு வருகிறேன். பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்த டொனி அயோமிக்குப் பதினேழு வயதில் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் போயின. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்தார், மெல்லிய தந்தி போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். அவர் கிற்றார் வாசித்த பிளக் சபத் குழுவின் ‘மாஸ்டர் ஒஃப் ரியலிட்டி’யில் (1971) கேட்கும் அந்தக் கனத்த ஒலிக்கு இந்த விரல்களும் ஒரு காரணம். போரில் கையையும் காலையும் இழந்தவர்கள் தொழில் செய்து பிழைக்கிற வன்னியில் இதை இரைச்சல் என்று தள்ளுவது எனக்கு ஏற்கவில்லை. மெட்டலிக்கா குழுவின் ‘மாஸ்டர் ஒஃப் பப்பெற்ஸ்’ (1986) தொடங்குவது கூட மின் கிற்றாரில் அல்ல, சாதாரணக் கிற்றாரில். அதிலே பாட்டே இல்லாத எட்டு நிமிட உருப்படி ஒன்றும் இருக்கிறது. கிளிஃப் பேர்ட்டனின் பேஸ் கிற்றாரை அதில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நீளமாக இருப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. நீண்ட உருப்படிகளாகப் பின்னும் புரோகிரசிவ் றொக்கில் அலட்டலும் நிறைய. யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ (1972) மூன்றே உருப்படி, ஒன்றும் வீண் இல்லை. அடுத்த ஆண்டே இரண்டு இசைத்தட்டில் நாலு உருப்படியை இழுத்தார்கள். கீபோட் வாசித்த ரிக் வேக்மனுக்கே அது பிடிக்கவில்லை, 1974இல் விலகிப்போனார். நானும் அவர் பக்கம்தான்.

அடுத்த பட்டியல் போடுவதென்றால் ஐந்து அல்பங்கள் போதும், பாட்டுகளின் வரிசையோடு அச்சிடுங்கள். அதில் ‘சக்தி’ குழுவின் முதல் அல்பம் (1976) கட்டாயம் இருக்கவேண்டும். ஜோன் மக்லோக்லினின் கிற்றார், சாகிர் உசேனின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம், எல். சங்கரின் வயலின். அந்த சங்கர் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், தகப்பனார் அங்கே சங்கீதம் படிப்பித்தவர். 1958 இனக்கலவரத்தோடு குடும்பம் இந்தியாவுக்குப் போனது. அதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகன், மல்லாவி