விடியற்காலைச் சீனி

கிளிநொச்சி

அன்புள்ள ராசா,

"இரவு சூப் மட்டும்தான் குடிச்சனான் அம்மா, விடிய இரத்தத்தில் சீனி பார்த்தால் 7.8 காட்டுது. எங்கேயிருந்து வருது?" என்று கேட்டாய். இங்கே நாங்கள் மில்லிகிராமில் பார்க்கும் கணக்கில் அது 140. உன் குரலில் இருந்த பயம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அந்தச் சீனி உன் ஈரலில் இருந்து வருகிறது. நாங்கள் நித்திரை கொள்ளும்போது மூளை பட்டினி கிடக்கக் கூடாதென்று ஈரல் சீனியை இரத்தத்தில் விடும். "போதும், குறை" என்று அதற்குச் சொல்வது சதையி (கணையம்) அனுப்பும் இன்சுலின். இரணைமடுக் குளத்தில் துருசை, அதாவது மதகை, பூட்டச் சொல்லி ஆள் விட்டும் சொல் போய்ச் சேராவிட்டால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? அப்படித்தான். நீ இருக்கிற ரொறன்ரோவில்தான் 1921இல் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். சதையி சொல்லே அனுப்பாத பிள்ளைகள் அதனால் பிழைத்தார்கள். உனக்குச் சொல் இருக்கிறது, ஈரலுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதனால் சதையி இன்னும் உரத்துக் கத்துகிறது. வருடக்கணக்காகக் கத்தினால் அதுவும் களைத்துப்போகும். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், கொழுப்பு வெறும் சேமிப்பு என்றே பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1994இல், கொழுப்புக் கலங்கள் மூளைக்கு அனுப்பும் லெப்டின் என்ற சேதியைக் கண்டுபிடித்த பிறகு அந்தப் பாடம் மாறிவிட்டது. கொழுப்புக் கலங்களும் ஓயாமல் சேதி அனுப்புகின்றன. வயிற்றில் அவை அளவுக்கு மீறிப் பருத்தால் நோயெதிர்ப்புக் கலங்கள் அங்கே வந்து குவிந்து அழற்சிச் சேதிகளைக் கொட்டும். அந்தச் சேதிகள் மற்றக் கலங்களைப் போய்ச் சேர்ந்து, அங்கே இன்சுலினின் சொல்லைப் பாதிவழியில் மறித்துவிடும். மாதக்கணக்கில், வலியே இல்லாமல்.

ஆனால் தசைக்கு இன்னொரு வழி இருக்கிறது. நீ நடக்கும்போது வேலை செய்யும் தசை, இன்சுலின் சொல்லாமலே கதவைத் திறந்து சீனியை உள்ளே எடுக்கும். அப்பா மண்வெட்டியோடு வரம்பில் நின்ற காலத்தில் அவருடைய கிளினிக் கொப்பியில் எல்லாம் நல்ல கணக்கு. இப்போது உழவும் வெட்டும் மெசின், வயலுக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில். சீனி ஏறிவிட்டது.

மெற்ஃபோமின் குளிசையை நீயாக நிறுத்தாதே, அது அந்த ஈரலைத்தான் அடக்குகிறது. சாப்பிட்டதும் கதிரையில் சாயாமல் கொஞ்சம் நட. வெளியே பனி என்றால் கடைத்தொகுதிக்குள் நட, சரியா?

அப்பாவை நான் பின்னேரங்களில் குளக்கட்டுக்குக் கூட்டிப்போகத் தொடங்கியிருக்கிறேன். ஞாயிறு எடுக்கும்போது உன் விடியற்காலைக் கணக்கைச் சொல், அவருடையதை நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா