பழைய பதிவுகளை யார் அழிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர், பெற்றோர் விவரங்களைப் பள்ளிகள் எவ்வாறு பாதுகாக்கின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது கடவுச்சொல்லையும் மென்பொருளையும் சுற்றியே நின்றுவிடுகிறது. இத்தனை விவரங்களைக் கேட்டு வாங்கியது எதற்காக, வாங்கியவற்றை எப்போது அழிப்பார்கள் என்ற கேள்விகளை எழுப்புவோர் குறைவு.

சேர்க்கைப் படிவத்தில் பிறந்த தேதி, முகவரி தொடங்கி, பெற்றோரின் வருமானம், குழந்தையின் நோய் விவரம், பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் குழந்தை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பது வரை கேட்கப்படுகிறது. ஒவ்வாமை பற்றிய குறிப்பும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணும் பள்ளிக்குக் கட்டாயம் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கட்டணச் சலுகை கேட்காத பெற்றோரின் வருமானம் பள்ளிக்கு எதற்கு?

வட அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றின் மாணவர் பதிவேடுகளைக் கணினியில் பராமரிக்கும் பவர்ஸ்கூல் நிறுவனத்தின் உதவித் தளத்துக்குள், களவாடப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு 2024 டிசம்பரில் ஒருவர் நுழைந்து, பெருமளவு பதிவுகளை அள்ளிச் சென்றார். பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்றான டொராண்டோ பள்ளி வாரியம், 1985 முதலான மாணவர் விவரங்களும் அதில் அடங்கியிருக்கலாம் என்று அறிவித்தது. அந்த ஆண்டில் படித்தவர்கள் இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருப்பவர்கள். திருடியவர் கேட்ட பணத்தை நிறுவனம் கொடுத்தும், அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதே விவரங்களைக் காட்டிப் பள்ளி வாரியங்கள் மிரட்டப்பட்டன. பூட்டு உடைந்தது ஒரு குற்றம். ஆனால், என்றோ அழித்திருக்க வேண்டியவை உள்ளே இருந்ததால்தான் இழப்பு இவ்வளவு பெரிதாயிற்று. படித்த ஆண்டுகள், தேர்ச்சி, மதிப்பெண் ஆகியவற்றைப் பள்ளி நெடுங்காலம் வைத்திருப்பதில் நியாயம் உண்டு, ஏனெனில் சான்றிதழைத் தொலைத்தவர் என்றைக்காயினும் திரும்பி வருவார். பள்ளியை விட்டுப் போய்விட்ட மாணவரின் மருத்துவக் குறிப்புக்கும் தந்தையின் பழைய கைப்பேசி எண்ணுக்கும் அந்த நியாயம் பொருந்தாது.

பெற்றோர் ஒப்புதல் அளித்துவிட்டனரே என்பது பள்ளிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ நகராட்சியின் பள்ளி ஒன்றில், 22 மாணவர்களின் வருகையை முகத்தை அடையாளம் காணும் கருவியால் பதிவு செய்து பார்த்தபோதும் பெற்றோரின் ஒப்புதல் பெறப்பட்டிருந்தது. ஆயினும், பள்ளியைச் சார்ந்திருப்பவர் தரும் ஒப்புதலைச் சுதந்திரமான ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்று கூறி, அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் 2 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்ற கவலையோடு படிவத்தின் முன் அமர்ந்திருக்கும் எந்தப் பெற்றோருக்கும் இத்தீர்ப்பின் பொருள் புரியும்.

பள்ளியிலிருந்து மேலே செல்லும் விவரங்களின் கதியும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் கல்வித் துறை பராமரித்த, 2.8 கோடிப் பேர் வரையிலான மாணவர் பதிவுத் தொகுப்பு, சூதாட்ட நிறுவனங்களின் வாடிக்கையாளர் வயதைச் சரிபார்க்கப் பயன்படுத்தப்பட்டது அம்பலமாகி, 2022-இல் அத்துறை கண்டிக்கப்பட்டது. இத்தனைக்கும் யாரும் எதையும் திருடவில்லை. அனுமதி பெற்றிருந்த நிறுவனம் ஒன்றின் வழியாகவே அது நடந்தது.

எனவே, ஒவ்வொரு பள்ளியும் தான் கேட்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே, அது எதற்காக, யார் பார்க்கலாம், எந்த ஆண்டு அழிக்கப்படும் என்பதைப் படிவத்திலேயே அச்சிட வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லா மாணவரின் மதிப்பெண்ணையும் ஒரே பட்டியலாகப் பதிவிடுவதையும், கட்டண நிலுவையைப் பலர் பார்க்க அனுப்புவதையும் நிறுத்த எந்தச் சட்டமும் தேவையில்லை, தலைமை ஆசிரியரின் ஓர் உத்தரவே போதும். மென்பொருள் நிறுவனத்துடன் செய்யும் ஒப்பந்தத்தில், ஒப்பந்தம் முடிந்ததும் விவரங்களை அழித்து அதை எழுத்துமூலம் உறுதிப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை இடம்பெற வேண்டும். இடம் கிடைக்காமல் திரும்பிய குழந்தைகளின் விண்ணப்பங்கள், அவற்றோடு இணைத்த சான்றிதழ் நகல்கள், ஒளிப்படங்கள் அனைத்தும் சேர்க்கை முடிந்த சில மாதங்களுக்குள் அழிக்கப்பட்டு, அந்தத் தகவல் பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
பெற்றோர் ஒருவர்