சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், களப்பணியாளர் என்று திரண்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நிர்வாகக் குழு தவறாமல் கூடியது. தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆரம்ப சுகாதாரச் சீர்திருத்தத்தில் நாம் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பதில்தான் இவ்வாண்டு நம் உழைப்பு போனது. அதையே விரிவாகச் சொல்கிறேன்.

மருத்துவர் முதல் சமூகப் பணியாளர் வரை அனைவரும் ஒரே சுகாதாரக் குழுவாக இயங்கப் பயிற்சி பெற வேண்டும் என்று ஆரம்ப சுகாதாரம் பற்றிய உலக மாநாடு 1978-ஆம் ஆண்டு வெளியிட்ட அல்மா-அட்டா பிரகடனமே சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு, சீட்டு எழுதி அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டோம்.

முழங்கால் வலியோடு ஒரு முதியவர் வந்துகொண்டிருந்தார். இரத்த அழுத்தம் ஏற ஏற, மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். வலிக்கு அவர் தினமும் இபுப்ரோஃபென் விழுங்குவது இயன்முறை மருத்துவருக்குத் தெரியும். அது அழுத்தத்தை ஏற்றும், அழுத்த மருந்தின் வேலையையும் கெடுக்கும் என்பது மருந்தாளுநருக்குத் தெரியும். நாம் குழுவாகக் கூடும் காலைக் கூட்டத்தில் செவிலியர் அந்த முதியவரின் அட்டையை எடுத்து, "இவருக்கு மட்டும் ஏன் இறங்கவே மாட்டேங்குது?" என்று கேட்ட அன்றுதான் மூவரும் வாய் திறந்தார்கள். வலி மாத்திரை நின்றது, பயிற்சி தொடர்ந்தது, அழுத்தம் இறங்கியது.

அந்தக் கூட்டம் 10 நிமிடம்தான், நின்றபடியே நடக்கிறது. தொடக்கத்தில் மருத்துவர் பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். நடத்தும் பொறுப்பைச் செவிலியரிடம் கொடுத்த பிறகே நிலைமை மாறியது. விட்டுக்கொடுத்த மருத்துவர்களுக்குச் சங்கம் மனமார நன்றி சொல்கிறது.

நோயாளி மருத்துவரைப் பார்த்த தடவையை மட்டும் எண்ணிப் பணம் தரும் முறையில் இந்த 10 நிமிடத்துக்கு மதிப்பே இல்லை. ஒரு நபருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் குழுவுக்கு ஒதுக்கினால், வேலையைத் தகுதிக்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம். இதை மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை.

ஒரு குறை என் மனதை உறுத்துகிறது. நாம் கூடும் நேரத்தில் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நோயாளி வீட்டில் என்ன சாப்பிடுகிறார், எந்த மாத்திரையை ஒளித்து வைக்கிறார் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தான். வாரம் ஒருநாளாவது அவர்கள் வந்தபின் கூட்டத்தை வைக்க வேண்டும், அந்நேரத்தைப் பணிப்பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். பேரவை இதை விவாதித்து முடிவெடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்