புகைப்படக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், அங்கத்தவர்களுக்கும், அழைப்பை ஏற்று வந்திருக்கும் வாகன உரிமையாளர்களுக்கும் என் வணக்கம்.

2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையான எமது கழகத்தின் செயற்பாட்டை இந்தப் பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மாரி மழை பிடித்த மாதங்களில் மட்டும் வெளியே போகாமல், மண்டபத்துக்குள் இருந்தே படங்களைத் திரையில் போட்டுப் பேசினோம். நிர்வாக விடயம் இவ்வளவுதான். மிச்ச நேரத்தை, இந்த ஆண்டுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட கார் படப்பிடிப்புக்கே செலவிட அனுமதி கேட்கிறேன்.

கோயிலும் கடலும் புறாத்தீவும் எடுத்துச் சலிக்காத திருகோணமலையில் ஏன் கார் என்று சிலர் கேட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, எங்கள் ஆட்கள் இருக்கிற வண்டியைக் கண்போலப் பார்க்கத் தொடங்கினார்கள். மொறிஸ் மைனர், பெட்டி லான்சர், டொல்பின் வான் எல்லாம் புதுப் பெயிண்ட்டோடு வீதிக்கு வந்தன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் தடை நீங்க, புது வண்டிகளும் வந்து சேர்ந்தன. பழசும் புதுசும் ஒரே வீதியில் நிற்கிற இந்தக் காலத்தைப் பதிவு செய்துவைப்பது எங்கள் வேலை என்று நான் நினைக்கிறேன். படம் எடுத்துக் கொடுத்தால் உரிமையாளருக்கு வருகிற சந்தோஷமும் ஒரு காரணம்.

முதல் கூட்டத்திலேயே எல்லோரும் கேட்டது, "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லாமல், ஓர் அங்கத்தவரின் தகப்பனாருடைய மொறிஸ் மைனரை டச் பே கடற்கரைப் பக்கத்து வெளியில் நிறுத்தினோம். அந்தக் கார் 3.76 மீற்றர் நீளம், பன்னிரண்டு அடிக்குச் சற்றுக் கூட. ஏ.பி.எஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் தகடு) உள்ள ஒரே கமராவில், கார் ஒரே அளவாகத் தெரியும்படி மூன்று இடத்தில் நின்று எடுத்தோம். லென்ஸின் மி.மீ. எண் கூடக் கூட அது தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும். 18 மி.மீ. இல் எடுக்க ஏறக்குறையப் பன்னிரண்டு அடியில் நிற்க வேண்டியிருந்தது. 50 மி.மீ. இல் முப்பத்தைந்து அடி. 135 மி.மீ. இல் தொண்ணூறு அடி தாண்டிப் பின்னுக்குப் போனோம்.

மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பேச்சு அடங்கிவிட்டது. முதலாவதில் கிட்ட இருந்த ஹெட்லைட் வீங்கி நிற்கிறது, பொனட் பிதுங்குகிறது, பின்சில்லு விளையாட்டுச் சாமான் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இரண்டாவதில் அது மொறிஸ் மைனர்தான், வீதியில் நாங்கள் பார்க்கிற அதே வண்டி. மூன்றாவதில் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வண்டி அகன்று, தரையை அழுத்திப் பிடித்து நிற்கிறது.

காரணம் எளிய கணக்கு. காரை முன்மூலையிலிருந்து சரிவாகப் பார்க்கும்போது மூக்குக்கும் வாலுக்கும் இடையில் பத்தடி ஆழம் என்று வைப்போம். நீங்கள் பன்னிரண்டு அடியில் நின்றால் மூக்கு பன்னிரண்டடி, வால் இருபத்திரண்டடி. வால் பாதிக்குச் சற்றுக் கூடுதலான அளவில்தான் தெரியும். முப்பத்தைந்து அடியில் நின்றால் முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து, கண்ணுக்கு உறுத்தாத வித்தியாசம். தொண்ணூறு அடியில் வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான். காரின் வடிவத்தைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் நீங்கள் நிற்கிற தூரம். அந்தத் தூரத்திலிருந்து படச்சட்டத்தை நிரப்பித் தருவது மட்டும்தான் லென்ஸின் வேலை. கராஜ் வைத்திருக்கிற எங்கள் மூத்த அங்கத்தவர் இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "தம்பிமார், காசைக் குடுக்கிறதுக்கு முதல் பின்னுக்குப் போய்ப் பாருங்க."

ஆகவே எங்கள் ஆலோசனை இப்படி அமைந்தது. ஏ.பி.எஸ்-சி கமரா வைத்திருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது 50 மி.மீ. எஃப் 1.8. எஃப் என்பது லென்ஸின் துவார அளவு, எண் சிறிதானால் துவாரம் பெரிது. சென்சார் சிறிது என்பதால் அந்த லென்ஸ் நிக்கோன், சோனியில் 75 மி.மீ. போலவும் கெனனில் 80 மி.மீ. போலவும் வேலை செய்யும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கமராக்காரர்களுக்கு அதே வேலையை 85 மி.மீ. செய்யும். அடுத்தது 55–250 அல்லது 70–300 போன்ற, தூரத்தைக் கிட்ட இழுத்துக் காட்டும் ஒரு டெலிசூம். கமராவோடு வந்த 18–55 ஐ யாரும் விற்க வேண்டாம். அதன் 55 மி.மீ. முனை முழுக்காருக்கு நன்றாகவே உதவும், 18 மி.மீ. முனை பின்சீற்றில் இருந்து ஸ்டியரிங்கும் டாஷ்போர்டும் எடுக்கப் போதும். எஃப் 2.8 சூம் இல்லாமல் கார் எடுக்க முடியாது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு அந்த லென்ஸின் விலை பல வீடுகளுக்கு எட்டாது, தேவையும் இல்லை. நிற்கிற காரை நாங்கள் பெரும்பாலும் எஃப் 5.6 இலும் எஃப் 8 இலும்தான் எடுக்கிறோம்.

அந்த எண்களுக்கும் காரணம் உண்டு. 50 மி.மீ. லென்ஸை முப்பத்தைந்து அடியில் எஃப் 1.8 இல் திறந்து வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஒன்பது பத்து அடிதான். ஹெட்லைட்டில் ஃபோக்கஸ் வைத்தால் பின்விளக்கு லேசாகக் கலங்கும். அந்தத் தூரத்தில் பின்னணியும் பெரிதாக மங்காது. இரண்டும் கெட்ட நிலை. எஃப் 5.6 க்கு வந்தால் வண்டி முழுவதும் கூர்மையாக நிற்கும். எஃப் 16 க்கு மேல் மூடினால் சின்னத் துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைவதால் படம் மறுபடி மென்மையாகிவிடும். பின்னணியை மங்க வைக்க வேண்டுமென்றால் வண்டியைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், நீண்ட லென்ஸைப் போடுங்கள்.

இனிச் சொல்லப்போவது, இந்த ஆண்டில் நாங்கள் கற்றதில் பெரியது. காரின் பெயிண்ட் ஒரு கண்ணாடி. கார் படத்தில் நாங்கள் எடுப்பதில் பாதி, அந்தக் காரில் தெரியும் ஊர். எங்கள் பொருளாளரின் கறுப்பு லான்சரைப் பிரட்ரிக் கோட்டைப் பக்கத்து மரநிழலில் வைத்து எடுத்த முதல் படத்தில், கதவு முழுக்க நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்களும் எங்கள் கால்களும். வண்டியைச் சற்றே திருப்பி, எல்லோரும் விலகி நின்ற பிறகு கதவு அமைதியானது. அடுத்த படத்தில் முன்கதவின் அடிப்பகுதியில், வளைவுக்கேற்ப நீண்ட கால்களோடு ஒரு புள்ளிமான் நடந்துபோகிறது. அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் மானைத் தவிர மற்றதெல்லாம் கதவில் தெரியக்கூடாது. ஷட்டரை அழுத்த முன் ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து, கதவை மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எங்கே கறை, எங்கே கம்பம், எங்கே உங்கள் சேர்ட்டின் நிறம் என்று தெரியும். தூர நின்று எடுத்தால் உங்கள் நிழலுருவமும் சின்னதாகிவிடும்.

இந்த விடயத்தில் திருகோணமலை எங்களுக்குக் கொடுத்து வைத்த ஊர். காலையில் டச் பேயில் திறந்த கடல். காரின் பக்கவாட்டைக் கடலுக்குக் காட்டி நிறுத்தினால், வானம் மேலே, கடல் கீழே என்று கதவில் ஒரு நேர்கோடு விழும். உடலின் வளைவு முழுவதையும் அந்த ஒரு கோடு காட்டிவிடும். மாலையில் கொஞ்ச நேர ஓட்டத்தில் உட்துறைமுக வீதிக்குப் போனால், அங்கே மேற்கு வானம். சூரியன் மறைந்த பிறகு வருகிற ஒளிதான் காருக்கு ஏற்றது. வெயில் நேராகப் பட்டால் பொனட்டில் வெள்ளைப் புள்ளி எரியும், மறைந்ததும் முழு வானமும் ஒரே மெல்லிய விளக்காகிவிடும். நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் அந்த வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் நிற்கும். வண்டியைக் கழுவுவது, நிறுத்துவது, முக்காலி வைப்பது எல்லாம் அதற்கு முதலே முடிந்திருக்க வேண்டும். முன்சில்லைக் கொஞ்சம் ஒடித்து, ரிம் கமராவைப் பார்க்கும்படி விடுங்கள். ரயரின் பல் தெரிந்தால் படம் கெட்டுப்போகும்.

லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் வடிகட்டிக் கண்ணாடியான போலரைசர் பற்றி நிறையக் கேள்வி வந்தது. லென்ஸுக்கு அடுத்ததாக நான் வாங்கச் சொல்வது அதைத்தான். முன்கண்ணாடியில் விழும் வானத்தையும் பெயிண்ட்டில் விழும் பளபளப்பையும் அது வெட்டும். ஆனால் குறோம் பம்பரில் விழுவதை வெட்டாது, வெறும் உலோகத்தில் அதன் வித்தை பலிக்காது. ஒரு கோணத்தில் முன்கண்ணாடி தெளிந்தால் கதவு பளபளக்கும், கதவு தெளிந்தால் பொனட் பளபளக்கும். முக்காலியில் கமராவை அசைக்காமல், வளையத்தை மட்டும் திருப்பி இரண்டு மூன்று படம் எடுத்துக் கணினியில் சேர்ப்பதே வழி. எல்லாப் பளபளப்பையும் எடுத்துவிடவும் வேண்டாம். எடுத்துவிட்டால் கார் பிளாஸ்ரிக் போலச் செத்துவிடும்.

ஓடும் வண்டி எடுக்க நிலாவெளி வீதிக்குப் போனோம். ஓட்டுநரை மணிக்கு 40 கிலோமீற்றரில் ஒரே சீராக ஓடச் சொன்னோம். முதல் நாள் பலரும் ஷட்டரை 1/1000 செக்கன் மட்டும் திறந்து எடுத்தார்கள். அவ்வளவு நேரத்தில் வண்டி ஒரு சென்ரிமீற்றர்தான் நகரும். படத்தில் அது வீதி நடுவே நிறுத்திவைத்த கார். 1/60 செக்கனில் வண்டி பதினெட்டு சென்ரிமீற்றர் போய்விடும், சில்லு பத்தில் ஒரு பங்கு சுற்றிவிடும், அப்போதுதான் அது ஓடுவது தெரியும். காலை அகட்டி நின்று, இடுப்பிலிருந்து திரும்பி, ஷட்டர் மூடிய பிறகும் வண்டியோடு திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். பழகாதவர்கள் 1/125 இல் தொடங்கி இறங்கலாம். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100 இல் 1/30 க்கு இறங்கினால் எஃப் 32 வரை மூட வேண்டிவரும், பல லென்ஸில் அது இல்லை. போலரைசரைப் போட்டால் இரண்டு ஸ்டொப் அளவுக்கு, அதாவது நாலில் ஒரு பங்காக, வெளிச்சம் குறையும், எஃப் 16 போதும். வீதியோரத்தில் ஒருவர் பஸ்ஸைப் பார்த்துக் குரல் கொடுக்க மட்டும் நிற்க வேண்டும் என்ற விதியை எல்லோரும் மதித்தீர்கள். அதற்கு நன்றி.

வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியில் லென்ஸ் கழற்றக் கூடாது என்பதை மறுபடி சொல்கிறேன். மண் சென்சாருக்குள் போனால் செலவுதான். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் முதலில் ஊதி, பிறகுதான் துடையுங்கள். உப்பைத் துணியால் தேய்த்தால் பூச்சு கீறும். இன்னொரு எதிரி பூஞ்சை. ஈரப்பதம் அறுபது வீதத்தைத் தாண்டிய அலுமாரியில் லென்ஸ் தூங்கினால் அது பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் வைத்திருப்பது நல்லது. எங்கள் அங்கத்தவரான தங்கச்சி ஒருவர் வெளியூர்க் கடையொன்றில் வாங்கிய பழைய 85 மி.மீ. லென்ஸின் உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை படர்ந்திருந்தது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். சேமித்த காசு அது, எங்கள் எல்லோருக்கும் மனவருத்தம். பழைய லென்ஸ் வாங்குவதென்றால் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கத்தால் போன் டோர்ச் அடித்துச் சரிவாகப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. துணைக்கு வர நிர்வாகக் குழுவில் ஆள் உண்டு.

படை முகாம் பக்கமும் கடற்படைத் தளம் பக்கமும் கமரா திரும்பக் கூடாது. உரிமையாளரிடம் கேட்காமல் வண்டியைத் தொடக் கூடாது. வெளியே பகிரும் படத்தில் இலக்கத்தகட்டை மறைத்துவிடுங்கள். ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத்தகடு அழகுதான், இருந்தாலும் உரிமையாளர் சம்மதித்தால் மட்டும்.

ஆண்டு முடிவில் நடந்த சிறிய கண்காட்சிக்கு மொறிஸ் மைனர் ஐயாவும் வந்திருந்தார். 135 மி.மீ. படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றவர், "இது என்ட கார்தான். ஆனா இந்த வடிவை நான் இவ்வளவு காலமும் பார்க்கேல்ல" என்றார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டோம்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு பிரேரணைகளைச் சபை முன் வைக்கிறேன். ஒன்று, கழகத்துக்கென ஒரு 50 மி.மீ. லென்ஸும் ஒரு போலரைசரும் வாங்கி, பாடசாலை மாணவர்களுக்கு இரவல் கொடுப்பது. அவற்றுக்கான உலர்பெட்டியைச் செய்து தர கராஜ் அண்ணர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மற்றது, இரவுப் படப்பிடிப்பு. புது வண்டிகளின் எல்.இ.டி. விளக்கு வேகமான ஷட்டரில் அணைந்த மாதிரி விழுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அதை மெதுவான ஷட்டரில் எடுத்துப் பழக ஒரு மாலையை ஒதுக்க வேண்டும், கிண்ணியாப் பாலம் பக்கம் பொருத்தமான இடம்.

வண்டிகளைத் தந்து உதவிய உரிமையாளர்களுக்கும், விடியற்காலையில் தேநீர் கொண்டு வந்து தந்த வீட்டாருக்கும், ஒத்துழைத்த நிர்வாகக் குழுவினருக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
திருகோணமலை