பெரிய ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வேணாம், சின்னதா ரெண்டு வாங்குங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து பழைய கம்ப்யூட்டர மாத்துறவங்க நிறைய பேரு, அதுக்கு முன்னாடி போட்டோ டாக்குமென்ட் எல்லாத்தையும் ஏத்தி வச்சுக்க எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் தேடுறாங்க. திருச்சியில சின்னதா ஒரு சர்வீஸ் கடை வச்சிருக்கேன், வர்றவங்க கேக்குற மொத கேள்வியே "எத்தனை டிபி, எவ்ளோ ரூபா?"ங்கறதுதான்.

கைல பணம் இருக்குன்னா 4 டிபி ஒண்ணு வாங்காதீங்க, 2 டிபி ரெண்டா வாங்குங்க. கொஞ்சம் கூடத்தான் ஆகும், பரவால்ல. ஏன்னா நம்ம ஆளுங்க பாதிப் பேரு பண்றது பேக்கப்பே இல்ல, டிஸ்க்குல காப்பி பண்ணிட்டு லேப்டாப்ல இடம் வேணும்னு அங்க அழிச்சிடுறாங்க, அப்புறம் அந்த டிஸ்க் கீழ விழுந்தா கல்யாண போட்டோல இருந்து பத்திர ஸ்கேன் வரைக்கும் எல்லாம் ஒரே அடியா போச்சு. ரெண்டு இருந்தா ரெண்டுலயும் ஒரே ஃபைல ஏத்தி, ஒண்ண வீட்டுல வச்சிட்டு இன்னொண்ண அண்ணன் வீட்லயோ ஆபீஸ்லயோ வைங்க, மாசம் ஒரு தடவ ரெண்டையும் இடம் மாத்திக்கங்க. வேல முடிஞ்சதும் டிஸ்க்க கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டிடணும். 2017-ல வானாக்ரைன்னு ஃபைல பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ் வந்தப்போ கம்ப்யூட்டரோட சேத்து அதுல மாட்டியிருந்த டிஸ்க்கையும்தான் பூட்டுச்சு.

ஸ்பீடு விஷயத்துல அட்டைப்பெட்டிய நம்பாதீங்க. 5 ஜிகாபிட், 10 ஜிகாபிட்னு என்ன போட்டிருந்தாலும் உள்ள சுத்துறது அதே இரண்டரை இஞ்ச் தட்டுதான், செகண்டுக்கு 100 எம்பி சொச்சம் தரும். 500 ஜிபி ஏத்த ஒன்றரை மணி நேரம் ஆகும், சின்னச் சின்ன ஃபைலா இருந்தா இன்னும் இழுக்கும். அதையே பழைய யூஎஸ்பி 2 போர்ட்ல சொருகினா நாலு மணி நேரம். சுத்துற தட்டு இல்லாத, சிப்புல சேமிக்கிற எஸ்எஸ்டி வேகமானதுதான், கீழ விழுந்தாலும் சட்டுனு ஒண்ணும் ஆகாது, ஆனா வருஷக்கணக்கா கரென்ட் காட்டாம பீரோவுல போட்டு வைக்க நான் அத சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, சில மாடல்ல யூஎஸ்பி போர்ட்ட டிஸ்க்கோட சர்க்யூட் போர்டுலயே சால்டர் பண்ணியிருப்பாங்க, போர்ட் ஆடிப்போச்சுன்னா டிஸ்க்க கழட்டி வேற கேஸ்ல போட முடியாது, அதனால ஒயரப் புடிச்சு இழுக்காதீங்க. வீட்ல ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரும் இருந்தா வாங்குன உடனே ரெண்டுலயும் வேல செய்யுற எக்ஸ்ஃபேட்ங்கற முறையில ஃபார்மேட் பண்ணிடுங்க, விண்டோஸோட என்டிஎஃப்எஸ் முறைய மேக் படிக்கும், எழுதாது. 1 டிபி வாங்கினா விண்டோஸ் 931 ஜிபின்னுதான் காட்டும், கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024-ஆ எண்ணுது, அவ்ளோதான். இதுக்குப் போய் கடைக்காரரோட சண்டை போடாதீங்க சாமி!

முக்கியமா இந்த ஆன்லைன்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு "16 டிபி எஸ்எஸ்டி"ன்னு வர்றது. பிரிச்சுப் பாத்தா உள்ள ஒரு மெமரி கார்டுதான் இருக்கும். சைஸ மட்டும் பொய்யா காட்டுற மாதிரி செட் பண்ணியிருப்பாங்க, நிஜமான இடம் தீந்தப்புறமும் காப்பி ஆகுற மாதிரியே காட்டும், ஃபைல் பேரெல்லாம் இருக்கும், தொறந்தா ஒண்ணும் இருக்காது. நிஜமான இடம் எவ்ளோன்னு சோதிக்க ஹெச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, புது டிஸ்க் எதுவா இருந்தாலும் அத ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் ஃபைல ஏத்துங்க. வாரன்டில புது டிஸ்க் குடுப்பாங்க, உங்க போட்டோவ யாரும் குடுக்க மாட்டாங்க.

உங்க பத்திரிகையோட கம்ப்யூட்டர் பக்கத்துல இந்தப் போலி டிஸ்க் விஷயத்த படத்தோட ஒரு தடவ போடுங்க சார். வெட்டி எங்க கடைக் கவுன்டர்ல ஒட்டிக்கிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர், திருச்சி