பொறி பறக்கிறது, பட்டை பிடிக்கவில்லை

அன்புள்ள பிள்ளைக்கு,

நெருப்பு மூட்டும் ஃபெரோ ரொட்டை, அதாவது சுரண்டினால் பொறி தரும் அந்த உலோகக் கோலை, உரஞ்சினால் பொறி கொட்டு கொட்டென்று கொட்டுகிறது, பேர்ச் மரத்தின் பட்டையில் ஒரு கருக்கல்கூட விழவில்லை என்று எழுதியிருந்தாய். கோலில் பிழை இல்லை. பொறி கொட்டினால் கோல் தன் வேலையைச் செய்துவிட்டது. மிச்சமெல்லாம் பட்டையை நீ எவ்வளவு பொடியாகச் சுரண்டினாய் என்பதில்தான் இருக்கிறது.

அந்தக் கோல் லைட்டருக்குள் இருக்கும் கல்லின் பெரிய உருவம். 1903இல் ஒஸ்திரியாவின் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் காப்புரிமை எடுத்த கலப்புலோகம்; சீரியமும் இரும்பும் சேர்ந்தது. நீ சுரண்டும்போது அதிலிருந்து துகள் பெயர்கிறது. உரஞ்சும் சூட்டிலேயே சீரியம் காற்றில் பற்றிக்கொள்ளும், பற்றினால் 3000 பாகை அளவுக்கு எரியும். கேட்கப் பெரிதாய்த்தான் இருக்கும். ஆனால் துகள் மணலிலும் சிறிது, ஒரு நொடிக்குள் அணைந்துவிடும். சூடு அதிகம், அது தங்கும் நேரம் மிகக் கொஞ்சம். முழுப் பட்டையை அந்த நேரத்துக்குள் சூடாக்க அதால் முடியாது. தூளை முடியும். ஊரில் பொச்சுமட்டைத் தும்பை உள்ளங்கையில் வைத்து உரஞ்சிப் பஞ்சாக்கிவிட்டுத்தானே நெருப்பு வைப்பார்கள், அதே கணக்குத்தான்.

விழுந்து கிடக்கும் பேர்ச்சில் பட்டை எடு. உள்ளே மரம் உக்கிச் சோறாய்ப் போயிருந்தாலும் பட்டை அப்படியே இருக்கும். அதிலுள்ள எண்ணெய்ப் பசைதான் காரணம், ஈரத்திலும் எரிவதும் அதனால்தான். நிற்கிற பச்சை மரத்தில் கை வைக்காதே. காணி உரிமையாளரைக் கேட்காமல் உரிக்க உனக்கு உரிமையில்லை, மரமும் காயப்பட்டுக் கறுத்துப்போகும்.

பட்டையின் மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு, சட்டைக்குள்ளே உடம்போடு வைத்துக்கொண்டு நட. சுரண்டத் தொடங்கும்போது உள்ளங்கை அகலத் துண்டை ஒரு மரக்குற்றியில் வைத்து, வெள்ளைப் பக்கம் மேலே வர, கத்தியின் முதுகை நேர் செங்குத்தாகப் பிடித்து ஒரே இடத்தில் அழுத்திச் சுரண்டு. முதலில் அழுக்கும் பாசியும் வரும், அதை ஊதித் தள்ளு. பிறகு மெல்லிய சுருளும் பழுப்புத் தூளும் வரும். அதுதான் வேண்டியது. ஒரு மேசைக்கரண்டி குவிய வரும்வரை விடாதே. அநேகமானவர்கள் ஒரு சிட்டிகை வந்ததும் கை ஓய்ந்து கோலை எடுத்துவிடுகிறார்கள். பொறி விழுந்த இடத்தில் ஒரு புள்ளி சிவந்து அதோடு முடிந்துவிடும். தூளைப் பட்டையின் மேலேயே குவி, கீழே கொட்டாதே, விரலால் அமத்தவும் வேண்டாம். இடையில் காற்று வேண்டும்.

இனிக் கோல். புதுக்கோலில் கறுப்புப் பூச்சு இருக்கும். ஒரு பக்கம் நீளத்துக்கு அதைச் சுரண்டி வெள்ளி நிறம் தெரிய வை. கோலின் நுனியைத் தூளுக்குள் சற்றே ஊன்று. சுரண்டியை, அதாவது கத்தி முதுகையோ கோலோடு வந்த தகட்டையோ, தூளுக்கு மேலே அசையாமல் பிடித்துக்கொண்டு கோலை உன் பக்கமாக இழு. கையை முன்னே தள்ளினால் முட்டி போய்க் குவியலில் இடித்து, பத்து நிமிட வேலை பனியில் சிதறும். கெதியாக உரஞ்சினால் நிறையப் பொறி, எல்லாம் சின்னன், எல்லாத் திசைக்கும். ஆறுதலாக, நல்ல அழுத்தத்தோடு முழு நீளத்துக்கும் இழுத்தால் துகள் பெரிதாகப் பெயரும், நேரே கீழே விழும், கொஞ்சம் கூட நேரம் எரியும். பார்க்க அழகில்லை, ஆனால் பிடிப்பது இதில்தான். கோலை மட்டும் வளைக்காதே, அது கண்ணாடி போல முறியக்கூடியது.

கத்தியின் வாயால் உரஞ்சவே கூடாது. வாயும் போகும், குளிரில் மரத்த விரலும் போகும். முதுகின் விளிம்பு கூராக, செங்கோணமாக இருக்க வேண்டும். நோர்டிக் கத்திகள் பலவற்றில் முதுகு வழுவழுவென்று உருட்டப்பட்டிருக்கும், அது கோலில் வழுக்கும். அப்படியென்றால் கோலோடு வந்த தகட்டைப் பயன்படுத்து, இல்லாவிட்டால் உடைந்த இரும்பறுக்கும் வாள் அலகில் ஒரு துண்டு போதும்.

இங்கே ஒஸ்லோவைச் சுற்றியுள்ள ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காட்டில் பழகிய ஒரு வசதி உனக்கு அங்கே இல்லை. ஸ்ப்ரூஸின் கீழ்க்கிளைகள் மரத்திலேயே காய்ந்து, மழையிலும் முறித்தால் 'டக்' என்று முறியும். நீ இருக்கும் வடக்கே துரொம்சோவில் பெரும்பாலும் பேர்ச்தான். செத்து நிற்கும் பேர்ச் ஏமாற்றும்: பட்டை ஈரத்தை வெளியே விடாது, உள்ளே ஊறி உக்கிவிடும். ஆகவே காய்ந்த மெல்லிய கிளைகளை நுனியிலிருந்து முறித்துப் பார், வளைந்தால் விடு. பெரிய விறகை வீட்டிலிருந்தே கொண்டு போ, பிளந்ததாக. வெளியே நனைந்தாலும் பிளந்த உள்முகம் காய்ந்திருக்கும். அதிலிருந்து கத்தியால் மெல்லிய சுருள்களைச் சீவி, அறுந்து விழாமல் தடியிலேயே விட்டால் சுள்ளிக்குப் பதில் ஆகும்.

உள்நாட்டுப் பக்கம், மோல்செல்வ், டிவிடாலன் என்று போனால் பைன் இருக்கிறது. பழைய பைன் அடிக்கட்டையின் நடுவில் பிசின் ஊறிச் செம்மஞ்சளாய், கையில் எடுத்தாலே மணக்கும் கட்டை கிடைத்தால் விடாதே. கத்தி முதுகால் சுரண்டினால் ஒட்டும் பஞ்சு மாதிரி வரும். பொறிக்கு லேசில் பிடிக்கும், பிடித்தால் நின்று எரியும். என்னைக் கேட்டால் பேர்ச்சைவிட ஒரு படி மேல். சதுப்பில் வெள்ளையாய் ஆடும் பஞ்சுப்புல்லை நம்பாதே. பொறி பட்டதும் பக்கென்று எரிந்து ஒன்றிரண்டு நொடியில் சாம்பல். பேர்ச் தூளுக்குள் கலந்தால் பிரயோசனம், தனியே இல்லை.

கோலைத் தொடுமுன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பட்டையை நாடா நாடாகக் கிழித்து ஒரு பிடி. நெருப்புக்குச்சித் தடிப்பில் இரண்டு பிடி. பென்சில் தடிப்பில் இரண்டு பிடி. பெருவிரல் தடிப்பில் ஒரு கட்டு. தூள் எரிவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் தேடப் போனால் முடிந்தது. தூளின் இரு பக்கமும் பெருவிரல் தடிப்புத் தடி ஒன்று வை. சுவாலை வந்ததும் பட்டை நாடா, அதன் மேல் மெல்லிய சுள்ளியை அந்தத் தடிகளில் தாங்கும்படி அடுக்கு. சுள்ளி தூளை அமத்தி அணைக்காது. உடனே ஊதாதே. காற்றுக்கு முதுகு காட்டி இரு, அது போதும்.

பனியின் மேல் மூட்டினால் நெருப்பு தானே உருக்கிய குழிக்குள் இறங்கி அணையும். மணிக்கட்டுத் தடிப்புக் கட்டைகளை நெருக்கி அடுக்கித் தளம் போடு. தலைக்கு மேல் பனி தாங்கிய கிளை இருக்கக்கூடாது. வெறும் பாறையில் மூட்டாதே, பாறை வெடித்து வடு நிற்கும். கடற்கரை உருண்டைக் கல்லைச் சுற்றி வைக்காதே, உள்ளே ஈரம் இருந்தால் தெறிக்கும். சதுப்பு மண்ணில் நெருப்பு அடியால் ஊர்ந்து மறுநாள் வேறிடத்தில் கிளம்பும்.

நோர்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் திறந்த நெருப்புக்குத் தடை. தீப்பிடிக்க வாய்ப்பேயில்லை என்று தெளிவாகத் தெரிகிற இடத்துக்கு மட்டும் விலக்கு. அங்கே ஏப்ரல் கடைசியில் பனி மூடிக் கிடந்தால் அந்த விலக்குக்குள் வரும். ஆனால் கொம்யூன் (உள்ளூராட்சி) முழுத் தடை போட்டிருக்கிறதா என்று அன்றன்று பார். அணைக்கும்போது தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, புறங்கையைக் கிட்டக் கொண்டு போய்ப் பார். கைமீறினால் தீயணைப்புக்கு 110.

ஒரு லைட்டரும் கொண்டு போ, அதில் வெட்கமில்லை. உள்ளிருக்கும் பியூட்டேன் பூச்சியத்துக்குக் கீழே போனால் ஆவியாகாது, அதனால் வெளிப்பையில் வைக்காதே, உடம்போடு வை. கோலுக்குக் குளிர் ஒன்றும் செய்யாது, கடல் உப்பும் ஈரலிப்பும்தான் எதிரி. வெள்ளைப் பூளை பூத்துப் பொடியும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் பூசி வை, அடுத்த முறை எடுக்கும்போது ஒருதரம் சுரண்டிவிட்டால் சரி.

உன் கத்தியின் முதுகைக் கிட்டப் படம் எடுத்து அனுப்பு. உருண்டையாக இருந்தால் நீ கோலைத் திருத்துவதற்கு முன் அதைத்தான் திருத்த வேண்டும். அரத்தால் ஒரு இரண்டு அங்குலம் தட்டையாக்கித் தருகிறேன், ஈஸ்டருக்கு வரும்போது கொண்டு வா.

அப்பா