பொட்டல் என்று சொன்னாயே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். "இங்க ஒண்ணுமே இல்லப்பா, கண்ணுக்கெட்டின வரைக்கும் பொட்டல்தான்" என்று போனில் சொன்னாய். ஜெய்சால்மர் பக்கம் வேலைக்குப் போகிற யாரும் முதல் வாரத்தில் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் நீ போயிருப்பது சுற்றிப் பார்க்க அல்ல, சூரிய மின்சாரம் கொண்டுபோகிற லைனுக்கு டவர் நட. லைன் எந்த வழியாகப் போகவேண்டும் என்று சர்வே எடுக்கிறவர்களில் நீயும் ஒருத்தி. அந்தப் பக்கம் எல்லைப் பணியில் இருந்தவன் என்கிற உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன் பக்கத்திலேயே இருக்கிற பாலைவன தேசியப் பூங்கா என்றதும் எல்லோரும் சாம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி செய்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். மொத்தம் 3,162 சதுர கிலோமீட்டர். அதில் மணல்மேடு ஐந்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் சரளைத் தரை, பாறை, உப்புப் படிந்த பள்ளம், புல்வெளி. நீ பொட்டல் என்று சொல்வது இந்த மீதியைத்தான். அங்கே வாழ்கிற உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கும் அதுதான் வீடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழை. அதுவும் சில வருடம் ஏமாற்றிவிடும். அதை வைத்துக்கொண்டு சேவண் புல் வளர்கிறது. காய்ந்து செத்துப்போன குச்சிக் கட்டு மாதிரி கிடக்கும். ஒரு மழை பெய்யட்டும், அடியிலிருந்து பச்சை கிளம்பிவிடும். மணலை ஓடவிடாமல் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான். ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் அதை நம்பித்தான். கேஜ்ரி என்று ஒரு மரத்தைக் காட்டினால் புதிது என்று நினைக்காதே, நம் ஊர்க் கோயில்களில் நிற்கிற அதே வன்னி. எருக்கும் உண்டு.

குளிர் இறுகுவதற்குள் ஒரு காரியம் செய். காலை வெயில் ஏறினதும், கெட்டியான சரளைத் தரையில் கையளவு வளைகள் இருக்கிற இடமாகப் பார்த்து, தள்ளி உட்கார். அசையாமல் இரு. முதலில் ஒரு மழுங்கின மூக்கு தெரியும். அப்புறம் தலை. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் நடக்காது. உடம்பு சூடேறினபிறகுதான் முள்வால் ஓணான் முழுசாக வெளியே வந்து புல்லை மேய ஆரம்பிக்கும். ஆமாம், புல்தான் அதன் முக்கியச் சாப்பாடு. வாலில் வளையம் வளையமாக முள். மேலே பருந்தின் நிழல் விழுந்தால் ஒரே பாய்ச்சலில் வளைக்குள் போய்விடும். கழுகும் நரியும் பாதி வயிற்றை இதை வைத்துத்தான் நிரப்புகின்றன. குளிர்காலத்தில் வளை வாயை மண்ணால் அடைத்துவிட்டு உள்ளே தூங்கப் போய்விடும். அப்போது நீ சர்வே எடுக்கப் போனால் தரையில் ஒரு அடையாளமும் இருக்காது. வண்டியை அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போவீர்கள்.

தண்ணீர்க் குட்டை பக்கம் காலையில் போனால் கல்கௌதாரிக் கூட்டம் இறங்கும். ஆண் பறவை குட்டையில் வயிற்றை அமுக்கி அமுக்கி உட்காரும். குளிக்கிறது என்று நினைப்பாய். வயிற்று இறகில் தண்ணீரை ஊறவைத்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் பறந்துபோய்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். குஞ்சுகள் அந்த இறகை உறிஞ்சிக் குடிக்கும்.

சரி, கானமயிலுக்கு வருகிறேன், இங்கிலீஷில் கிரேட் இந்தியன் பஸ்டர்ட் என்பார்களே, அந்தப் பறவை. ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரைகூட வரும். பறக்கிற பறவைகளில் அவ்வளவு கனமானவை உலகத்திலேயே சிலதான். ஒரு காலத்தில் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் இருந்தது. இன்றைக்கு மிச்சம் 150க்கும் குறைவு, அதில் பெரும்பகுதி நீ இருக்கிற மாவட்டத்தில். வருடத்துக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை, அதுவும் கூடு எதுவும் கட்டாமல் வெறும் தரையில். அதனால் அதற்குத் திறந்த வெளி வேண்டும், நாலு பக்கமும் பார்வை போகவேண்டும். பசுமையாக்குகிறேன் என்று அந்தப் புல்வெளியில் மரம் நடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

அதன் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. தரையில் நடக்கும்போது எதிரியைப் பார்க்க அது வசதி. பறக்கும்போது நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. மின்கம்பி கண்ணில் படும்போது பக்கத்தில் வந்துவிட்டிருக்கும், அந்தக் கனத்தில் சட்டென்று திரும்பவும் முடியாது. ஷாக் அடித்துச் சாவதைவிட மோதிச் சாவதுதான் அதிகம். இந்திய வனவிலங்கு நிறுவனம் அந்த வட்டாரத்தில் சுமார் 4,200 சதுர கிலோமீட்டரில் கணக்கெடுத்து, எல்லாப் பறவைகளையும் சேர்த்து மின்கம்பிகளால் வருடத்துக்கு ஏறத்தாழ 84,000 சாகின்றன என்று மதிப்பிட்டது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கச் சொன்னது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி நிபுணர் குழு போட்டது. இதெல்லாம் உன் அலுவலகத்தில் உனக்குச் சொல்லியிருப்பார்கள். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாட்டுக்கு அது தேவை, உன் சம்பளமும் அதில்தான் வருகிறது. ஆனால் வரைபடத்தில் தரிசு என்று போட்டிருந்தால் அந்த இடத்தை ஒருதரம் நடந்து பார்த்துவிட்டுக் கோடு போடு.

கூட ஆடு மேய்க்கிற பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. எந்தப் புல்வெளியில் கானமயில் இறங்கும், எது ஓரண், அதாவது அவர்கள் சாமிக்கு விட்ட, கிளைகூட ஒடிக்காத நிலம் என்று அவருக்குத் தெரியும். பறவைகளுக்குக் கம்பி தெரியவேண்டும் என்று அதில் தொங்கவிடுகிற தடுப்பான்கள் காற்றுக்கு உடைந்து விழுவதுண்டு. லைன் முடிந்தபிறகும் அவற்றை யார் போய்ப் பார்ப்பது என்று கூட்டத்தில் எழுந்து கேள். புதிதாக வந்த பெண் கேள்வி கேட்கிறாளே என்று முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சாமில் இருக்கிற இனப்பெருக்க மையத்தில் கானமயில் முட்டைகளை எடுத்துவந்து பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலிலும் ஒரு குஞ்சு பிறந்தது. அவ்வளவு பாடுபட்டு வளர்க்கிற குஞ்சு ஒருநாள் வெளியே பறக்கவேண்டும் அல்லவா, உங்கள் லைனுக்கு நடுவேதான் பறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் பார்மர் சாலையில் ஆகல் போய்வா. 18 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நீ நிற்கிற பாலையில் ஒரு காலத்தில் காடு இருந்திருக்கிறது.

ஜனவரியில் நானும் அம்மாவும் வரலாம் என்று இருக்கிறோம். பூங்காவுக்குள் இருக்கிற சுதாசரியில் புல்வெளியைச் சுற்றிப் பார்க்க வனத்துறையின் அனுமதி எப்படி வாங்குவது என்று விசாரித்து வை. அம்மா ஒட்டகச் சவாரி வேண்டும் என்கிறாள், அதை நீ பார்த்துக்கொள். இரவில் குளிர் சுள்ளென்று இருக்கும், கம்பளி வாங்கிவிட்டாயா?

அன்புடன்,
அப்பா